இரவு தங்காத யாத்திரை

சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டுக் காஞ்சிபுரம் போய், சுவாமி தரிசனம் செய்து, கல்யாணத்துக்கு வேண்டிய கூறைப்புடவையையும் வாங்கிக்கொண்டு, அன்று இரவே வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுப் படுப்பது இன்று யாரும் பேசிக்கொள்ளத் தகுந்த விஷயமாக இல்லை. ஆனால் 1856-ஆம் வருடத்துக்கு முன்பு, செல்வத்திலும் செல்வாக்கிலும் குறைவில்லாத கனவான் ஒருவர், வழிநெடுக எத்தனை ஜோடி மாடுகளை மாற்றிக் கட்டினாலும், குடும்பத்தோடு இந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியாது. காஞ்சிக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 45 மைல். மாட்டுவண்டி மணிக்கு இரண்டு, இரண்டரை மைல் போகும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், உச்சி வெயிலில் அவிழ்த்து விட வேண்டும், குழந்தைகளுக்கு ஒரு தோப்பைத் தேடி அடுப்பு மூட்ட வேண்டும். ஆகவே போவதற்கு இரண்டு நாள், வருவதற்கு இரண்டு நாள், இடையில் சுவாமிக்கும் உறவினருக்குமாக ஒன்றிரண்டு நாள் என்று, ஒரு வாரத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளாதவன் யாத்திரை என்ற சொல்லையே எடுக்க மாட்டான்.

அந்த வாரத்தில் பகலைக் காட்டிலும் இரவுகளே முக்கியமானவை என்பதற்கு அந்தச் சாலையே சாட்சி. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். காஞ்சிக்குப் போகும் கிளைச்சாலையை விட்டு மேற்கே இன்னும் போனால் பாலுசெட்டிசத்திரம். தர்ம சிந்தையுள்ள யாரோ வழிப்போக்கர்களுக்காகக் கட்டி வைத்த சத்திரத்தைச் சுற்றி நாலு கடையும், லாடம் அடிக்கும் பட்டறையும், மாட்டுத்தொட்டியும் முளைத்து, காலக்கிரமத்தில் அதுவே ஊராகிவிட்டது. பிரயாணிகள் பொழுது சாய்ந்து வந்து பொழுது விடிந்து போன இடங்கள் இவை. அந்நியரோடு திண்ணையில் படுத்துப் பேசிய பேச்சிலேதான் எந்த ஊரில் மழை பெய்தது, எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்தப் பண்டாரத்தின் மருந்து கேட்கிறது என்ற செய்திகளெல்லாம் தேசசஞ்சாரம் செய்தன. ரயில் இந்த நாட்டுக்குச் செய்தவற்றைப் பட்டியலிடுகிற சரித்திரக்காரர்கள் பருத்தியையும் பட்டாளத்தையும் பஞ்சகாலத்துத் தானியத்தையும் எழுதுகிறார்கள்; வழியிலே தங்கும் இரவை அது யாத்திரையிலிருந்து எடுத்துவிட்டது என்பதை அவ்வளவாக எழுதுவதில்லை. என்னைக் கேட்டால், சாமானியக் குடும்பத்தின் வாழ்க்கையில் ரயில் செய்த பெரிய மாறுதல் அதுதான்.

தென்னாட்டில் முதன்முதலாக இருப்புப்பாதை போட்டது மனிதர்களுக்காக அல்ல, கல்லுக்காக. 1837-ஐ ஒட்டிச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் வரை சாலை வேலைக்கு வேண்டிய கல்லை இழுத்து வருவதற்கு ஒரு சிறு பாதை அமைத்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஆர்தர் காட்டன். பின்னாளில் கோதாவரியில் அணை கட்டிப் புகழ் பெற்ற அதே மனிதர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை, இந்தியாவுக்கு வேண்டியது ரயில் அல்ல, படகு போகும் கால்வாயே என்று வாதாடுவதில் செலவிட்டார் என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. அவருடைய வாதம் எடுபடவில்லை. போட்ட முதலுக்கு வட்டி நிச்சயம் என்று சர்க்கார் உறுதி கொடுத்ததன் பேரில், லண்டனில் மூலதனம் திரட்டிய மதராஸ் ரயில்வே கம்பெனி 1853-இல் ராயபுரத்தில் மண் வெட்டத் தொடங்கி, மூன்று வருடத்தில் வாலாஜா ரோடு வரை பாதையை முடித்தது.

1856-ஆம் வருடம் ஜூன் மாதம் 28-ஆம் தேதி, கவர்னர் லார்டு ஹாரிஸ், உயர்ந்த தூண்களோடு கடற்காற்றைப் பார்த்து நின்ற ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்து வைத்துவிட்டு, சுமார் 300 ஐரோப்பியர்கள் புடைசூழ ஆற்காட்டுத் திசையில் வண்டியேறிப் போனார். சுதேசிகளை ஏற்றிக்கொண்ட இன்னொரு வண்டி திருவள்ளூர் வரை போய் வந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து பொதுஜனங்களுக்கு வழி திறந்தது. அந்தத் திறப்பு விழாவில் போனவர்களில் ஒருவருக்கும் போன இடத்தில் ஜோலி கிடையாது என்பதை நாம் கவனிக்க வேண்டும். போவதற்காகவே போனார்கள், திரும்புவதற்காகவே திரும்பினார்கள். ஆக, இந்த ராஜதானியில் ஓடிய முதல் பிரயாணி ரயிலே ஓர் உல்லாசப் பிரயாணமாகத்தான் ஓடிற்று.

சுதேசிகள் ரயிலில் ஏறுவார்களா என்று கம்பெனிக்காரர்களுக்குச் சந்தேகம் இருந்தது. சாதியும் ஆசாரமும் வறுமையும் சேர்ந்து இவர்களை வீட்டிலேயே உட்கார்த்தி வைத்துவிடும், நமக்கு வருமானம் சரக்கில்தான் என்று கணக்குப் போட்டவர்கள் பலர். அந்தக் கணக்கு எவ்வளவு சீக்கிரத்தில் பொய்த்தது என்பதை மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் காட்டின. கோயிலுக்குப் போகிற ஜனம் வண்டியில் ஏறுவதற்கு எந்தச் சாஸ்திரத்திடமும் அனுமதி கேட்கவில்லை. நடந்து போனால்தான் புண்ணியம் என்று சொன்ன பெரியவர்களே சன்னலோர இடத்தைப் பிடித்தார்கள்.

திருவள்ளூர்தான் சென்னைவாசியின் முதல் ஒருநாள் க்ஷேத்திரம் என்று சொல்ல வேண்டும். சுமார் 26 மைல். போக வர ஒரு பகல் தாராளம். வைத்திய வீரராகவர் என்று பெயர் பெற்ற பெருமாள் அங்கே சயனித்திருக்கிறார். அமாவாசையன்று ஹிருத்தாபநாசினி என்ற புஷ்கரிணியில் நீராடி, பிதிர்க்கடன் தீர்த்து, தீராத நோயும் உடம்பிலே பருவும் மருவும் உள்ளவர்கள் ஒரு கட்டி வெல்லத்தை அந்தத் தண்ணீரிலே விட்டுவிட்டு வருவார்கள். வெல்லம் கரைவது போல வியாதி கரையும் என்பது நம்பிக்கை. தை அமாவாசையில் அந்தப் படித்துறையில் நின்றால், காலடியில் தண்ணீர் சற்றே பிசுபிசுக்கும். எறும்பும் ஈயும் படிக்கட்டுகளில் தங்கள் யாத்திரையை நடத்திக்கொண்டிருக்கும். ரயில் வருவதற்கு முன்பே அந்த ஊர் பிரசித்தமானது என்றாலும், மாதம் தவறாமல் அமாவாசைக்கு அமாவாசை போய் வருவது என்னும் வழக்கம் நகரத்துக் குடும்பங்களில் வேரூன்றியதற்கு அந்த 26 மைல் பாதையே காரணம். வருடத்துக்கொரு முறை என்றிருந்த வேண்டுதல் மூன்று அமாவாசை, ஐந்து அமாவாசை என்று பெருகுவதற்குக் கடவுளின் கருணையோடு ரயிலின் கருணையும் வேண்டியிருந்தது.

இங்கே காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாழிகையும் ஜாமமுமாகப் பொழுதை அளந்து வந்த ஜனங்களுக்கு, இருபத்துநான்கு நிமிஷங்கொண்ட நாழிகைக்குள்ளே ஒரு வண்டி வந்து நின்று புறப்பட்டும் போய்விடக்கூடும் என்பது புதிய பாடம். அந்தப் பாடத்தைக் கற்பிக்கச் சென்னைக்குத் தனித் தகுதி இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானசாஸ்திரி, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் சில விநாடி முந்தியது இவ்வூரின் காலம் என்று 1802-இல் நிர்ணயம் செய்து வைத்தார். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவே விழுந்த இந்த மதராஸ் நேரத்தையே பின்னர் இந்திய ரயில்கள் தங்கள் பொது நேரமாக ஏற்றுக்கொண்டன. எனவே, பம்பாய்க்காரனும் கல்கத்தாக்காரனும் தன் ஊர்ச் சூரியனுக்கு ஒரு கணக்கு, ஸ்டேஷனுக்கு ஒரு கணக்கு என்று ஏறக்குறைய அரை மணி வித்தியாசத்தைச் சதா மனத்தில் கூட்டியும் கழித்தும் வண்டியேறிக்கொண்டிருந்த காலத்தில், சென்னைக்காரனுக்கு மட்டும் சூரியனும் ஸ்டேஷன் கடிகாரமும் ஒன்றாகவே உச்சிக்கு வந்தன. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்தபோது அந்தச் சலுகை சுமார் ஒன்பது நிமிஷ அளவில் பறிபோயிற்று.

கடிகாரத்தைச் சரிசெய்தாயிற்று, பஞ்சாங்கத்தை என்ன செய்வது? சர்க்கார் ஆபீசிலும் வெள்ளைக்காரக் கம்பெனியிலும் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஓய்வு கிடைத்த நாள் ஞாயிறு. ராகுகாலம் அன்று மாலை நாலரைக்குமேல்தான். காலை வண்டிக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். சென்னையிலோ கிழக்கே சமுத்திரம்; திருவள்ளூர், அரக்கோணம், காஞ்சி என்று போகத்தக்க ஊர்களில் பாதி மேற்கே இருக்கின்றன. பாதிரிமார்கள் உபயத்தால் கிடைத்த விடுமுறை நாளும் பஞ்சாங்கம் விலக்கிய திசையும் இப்படி நேருக்கு நேர் மோதிக்கொண்டபோது, நம்மவர்கள் இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காமல், பரிகாரம் என்னும் பழைய வாசல் வழியாகப் புகுந்து போனார்கள். மேற்குச் சூலத்துக்கு வெல்லம் பரிகாரம். வாசலில் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டால் ரயிலைப் பிடிக்கலாம். வேளை பொருந்தாதவர்கள் முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு துணி மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் 'பரஸ்தானம்' வைத்துவிடுவார்கள். பிரயாணம் சாஸ்திரப்படி அப்போதே தொடங்கிவிட்டது. மறுநாள் காலை மூட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவது அதன் தொடர்ச்சி மாத்திரமே. மூட நம்பிக்கை என்று இதைச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் காத்திராத இயந்திரத்தோடும், ஒன்றரை மணி நேரம் அசையவொட்டாத சாஸ்திரத்தோடும் ஒரே காலைப்பொழுதில் சமாதானமாகப் போகத் தெரிந்த புத்தியை நான் லேசாக எண்ணுவதில்லை.

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்த கதை சற்றுச் சுற்றுவழி. மதராஸ் ரயில்வேயின் பாதை அந்த நகரைத் தொடாமல் வடக்கே ஒதுங்கி அரக்கோணம் வழியாகப் போய்விட்டது. 1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற சிறு கம்பெனி, அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு மூன்றரை அடி அகலத்தில் ஒரு பாதையைப் போட்டது; பெரிய பாதையின் அகலமோ ஐந்தரை அடி. ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொரு வண்டியில் ஏறினால்தான் மேற்கொண்டு போகலாம். பிற்பாடு தென்னிந்திய ரயில்வே அந்தப் பாதையை எடுத்துக்கொண்டு, மீட்டர் அகலத்துக்கு மாற்றி, 1880-ஐ ஒட்டிச் செங்கல்பட்டு வரை நீட்டித் தன் பிரதான மார்க்கத்தோடு சேர்த்துவிட்டது. அது முதல் காஞ்சிக்குப் போகச் சென்னைவாசிக்கு இரண்டு வழிகள்: தெற்கே செங்கல்பட்டு சுற்றி ஒன்று, மேற்கே அரக்கோணம் சுற்றி மற்றொன்று. எப்படிப் போனாலும் ஏறக்குறைய 60 மைல். ஒரு கம்பெனியின் வண்டி எழும்பூரைச் சேர்ந்தது, மற்றொன்றின் வண்டி சென்ட்ரலைச் சேர்ந்தது. ஒன்றின் தாமதத்துக்கு மற்றொன்று ஜவாப்தாரி அல்ல.

இந்த இடத்திலேதான் பிரயாணத் திட்டம் என்பது ஒரு கலையாக ஆயிற்று. கெட்டிக்காரக் குடும்பத் தலைவன் காலையில் போகும் வண்டியை முதலில் பார்க்க மாட்டான். மாலையில் திரும்பும் கடைசி வண்டி எது, அது சந்திப்பில் எந்த வண்டியைப் பிடிக்கும், பிடிக்காவிட்டால் அரக்கோணம் பிளாட்பாரத்தில் எத்தனை மணி நேரம் கொசுவோடு சல்லாபம் என்பதையெல்லாம் விசாரித்த பிறகே, பின்னாலிருந்து முன்னாலாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வருவான். கோயில் நடை உச்சியில் சாத்தினால் மாலை நாலு மணிக்கு முன்பு திறக்காது. ஆகையால் உச்சிக்கு முன்பே ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் பார்த்துவிட்டு, சத்திரத்திலோ குளக்கரையிலோ கட்டுச்சாதத்தைப் பிரித்து, நடை சாத்திய வேளையில் பட்டுச்சாலியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புடவை பார்த்து, நாலு மணிக்கு மேல் வரதராஜரிடம் போய்விட்டு வண்டிக்கு ஓடுவது என்பது ஒழுங்கு. வரதருடைய பிரசாதமான இட்டலி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வெந்தது, நாலு நாள் கெடாது. அதில் ஒரு துண்டு வீடு வந்து சேர்ந்தால்தான் போனவர் போய் வந்ததற்கு அத்தாட்சி.

ஆனால் இந்த ஒழுங்குக்குள் அடங்காத ஒன்றும் காஞ்சியிலே உண்டு. வைகாசி கருடசேவையில் பெருமாள் கோபுர வாசலில் சேவை சாதிப்பது விடியற்காலம். சென்னையிலிருந்து முதல் வண்டியில் வருகிறவன் காஞ்சியில் காலெடுத்து வைக்கும்போது கருடன் வீதியில் வெகுதூரம் போயிருப்பான். கோபுர தரிசனம் வேண்டுமானால் முதல் நாளே வந்து கிடக்க வேண்டும். பெரிய உற்சவங்களுக்குக் கம்பெனிகள் தனி வண்டிகள் விட்டதும், வந்த கூட்டத்தைப் பார்த்துச் சுகாதார அதிகாரிகள் காலரா பயத்தால் தலையில் கைவைத்துக்கொண்டதும் இந்த வகையான இரவு நெரிசலை முன்னிட்டே. ரயில் ஜனத்தைக் கொண்டுவந்தது. கொண்டுவந்த வேகத்தில் வியாதியையும் கொண்டுபோயிற்று. ஒரு குளத்துத் தண்ணீரில் பிறந்த நோய் மறுநாளே நூறு மைலுக்கப்பால் தென்பட்டது பழைய மாட்டுவண்டிக் காலத்தில் நடக்கக்கூடியது அல்ல.

தெற்கு மார்க்கத்தில், செங்கல்பட்டில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊருக்காக இறங்கியவர்கள் அல்லர். ஸ்டேஷனை ஒட்டிக் கொளவாய் ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் அழகை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே ஜட்காக்காரர்களிடம் பேரம் பேசி, ஒன்பது மைலில் இருக்கும் திருக்கழுக்குன்றத்துக்கு விரைவார்கள். விரைய வேண்டிய காரணம் விசித்திரமானது. மலைமேல் வேதகிரீசுவரர் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில், உச்சிவேளையை ஒட்டி, பண்டாரம் நெய் வார்த்த சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு உட்காருவார். எங்கிருந்தோ இரண்டு கழுகுகள், வெண்மையான உடலும் மஞ்சள் முகமுமாக, வந்து இறங்கித் தத்தித் தத்தி நடந்து, கிண்ணத்தில் இருப்பதை உண்டுவிட்டுப் பறந்து போகும். தொலைதூரத்துப் புண்ணிய தீர்த்தத்தில் காலையில் நீராடி, இங்கே போஜனம் செய்து, இரவுக்கு வேறொரு க்ஷேத்திரம் போய்விடுகின்றன என்பது ஐதீகம்; அப்படியானால் அவையும் ஒருநாள் பிரயாணிகளே. அவை வரும் நேரம் மட்டும் எந்த ரயில்வே கைடிலும் அச்சாகவில்லை. சில நாள் பதினொன்றுக்கு வரும்; சில நாள் பன்னிரண்டரைக்கு வரும்; வராமலும் இருக்கும். அடுத்த வண்டியில் போகலாம் என்று காலையில் சோம்பியவன், மூச்சு வாங்க மலையேறி, காலிக் கிண்ணத்தைத்தான் தரிசித்தான். எகிப்தியப் பாறு என்று விலங்கியலார் சொல்லும் அந்தப் பறவைகள் நாடெங்கும் அருகி, 1990-களின் இறுதியோடு அந்தக் குன்றுக்கும் வராமற்போயின.

வேடிக்கை பார்க்கப் போவது ரயிலோடு பிறந்த புத்தி அல்ல என்பதற்கும் அந்த மலையிலேயே சான்று இருக்கிறது. அங்கே பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில், 17-ஆம் நூற்றாண்டில் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் வர்த்தகம் செய்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கல்லிலே கீறி வைத்திருக்கிறார்கள். கரியும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு போகும் நம் காலத்துச் சுற்றுலாச் சிறுவர்களுக்கு முன்னோடிகள். ஆனால் அவர்களுக்கு அது கிட்டிய தூரம்.

மாமல்லபுரம் போக விரும்பியவர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. ரயில்காலத்திலும் அது வெகுநாள் நீடித்தது. காட்டன் விரும்பிய கால்வாய்களில் ஒன்று சென்னையின் வழியாகவே ஓடிற்று. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு நகரத்துக்குள்ளே அதை வெட்டி இணைத்து, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரையும் சூட்டினார்கள். மாலையில் படகேறிப் படுத்தால், படகுக்காரர்கள் கோல் ஊன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் இரவெல்லாம் நகர்த்திக்கொண்டு போக, கண் விழிக்கும்போது மல்லை சமீபத்தில் இருக்கும். ஆங்கிலேயப் பிரயாணிகள் பலர் இந்த வழியையே விரும்பினார்கள். அதிலே காசைக் கொடுத்து இரவை வாங்கினார்கள் என்று சொல்லலாம். அவசரமில்லாதவனுக்கு அது நஷ்டமில்லாத வியாபாரம்.

வண்டிக்குள்ளே என்ன நடந்தது? முதலில் அங்கே வசதி என்பதே கிடையாது. ஆரம்பகாலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பிடம் இல்லை. ஸ்டேஷனில் இறங்கி ஓடியவன் வண்டியைத் தவறவிட்டது சர்வசாதாரணம். ஒருநாள் பிரயாணத்தைக் கிட்டிய ஊர்களோடு நிறுத்திக்கொள்ள ஸ்திரீகள் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை ஆண்கள் எழுதிய கட்டுரைகளில் காண முடியாது. புளியோதரையும் தயிர்சாதமும் வாழையிலையில் கட்டியிருக்கும். பித்தளைக் கூஜாவில் காவிரி இல்லாவிட்டாலும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இருக்கும். வழியிலே எதையும் வாங்கி உண்ணாதிருப்பதே ஆசாரம். ஆனால் அடுத்த இடத்தில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரம் சீட்டு வாங்கியவனிடம் இல்லை. ஊரிலே ஒரு தெருவில் நடக்கக்கூடாதவனும், அந்தத் தெருவிலேயே பிறந்தவனும், அரையடி இடைவெளிகூட இல்லாமல் ஒரே பலகையில் அரக்கோணம் வரை உட்கார்ந்து போனார்கள். ஒருவன் தூங்கினால் மற்றவன் தோளில் தலை சாய்ந்தது.

பலகை செய்ததைப் பிளாட்பாரம் செய்யவில்லை. ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், இதரருக்கு ஓரிடம் என்று பலகை மாட்டி, ஒரே சமையலைத் தடுப்புக்கு இரு புறமும் பரிமாறினார்கள். தர்மப் பிரபு கட்டிய சத்திரத்தில் பேதம் பார்த்தால், அவர் வீட்டுச் சோறு என்று சமாதானம் சொல்லலாம். எல்லாரிடமும் ஒரே கட்டணம் வாங்கிய கம்பெனிக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. ஈ.வெ. ராமசாமிப் பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் பல வருடம் கிளர்ச்சி செய்த பிறகு, 1941-இல் அந்தப் பலகைகள் இறங்கின. ரயில் வந்து 85 வருடம் ஆகியிருந்தது. இயந்திரம் மனிதர்களைத் தானாகவே சமமாக்கிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கையைச் சொல்லி வைக்கிறேன்.

ஆபீஸ் விடுமுறை ஒரு க்ஷேத்திரத்துக்கு உற்சவத்தையே உண்டாக்கிக் கொடுத்ததும் உண்டு. அரக்கோணத்துக்கு வடக்கே பம்பாய் மார்க்கத்தில் இருக்கும் திருத்தணி, ஆடிக் கிருத்திகைக்குப் பெயர் போனது. தோளில் காவடியும் இடுப்பில் மஞ்சள் துணியுமாக ஜனங்கள் பெட்டிகளில் புஷ்பக் காவடிகளை எப்படித்தான் திணித்தார்களோ என்று வியக்கும்படி வந்து இறங்குவார்கள். அது பஞ்சாங்கம் கொடுத்த நாள். ஜனவரி முதல் தேதியோ சர்க்கார் கொடுத்த நாள். அன்று காலையில் குமாஸ்தாக்கள் எலுமிச்சம்பழமும் மாலையும் எடுத்துக்கொண்டு வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களா வாசலில் காத்து நின்று சலாம் போடுவது அக்காலத்து வழக்கம். முதல் உலக யுத்தம் நடந்த காலத்தை ஒட்டி, திருப்புகழ் பாடுவதையே தவமாகக் கொண்ட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், வருடப் பிறப்பில் முதலில் காண வேண்டிய துரை தணிகைமலைத் துரையே என்று சொல்லி, டிசம்பர் 31 இரவு அடியார்களைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் நின்றார். படிக்கொரு திருப்புகழ், படிக்கொரு கர்ப்பூரம் என்று ஏறினார்கள். வருடத்தின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் என்பது அந்த மலையின் கணக்கு. தமிழ் மாதத்தோடும் திதியோடும் நட்சத்திரத்தோடும் சம்பந்தமே இல்லாத அந்தப் படித்திருநாள், இங்கிலீஷ் காலண்டரையும் ரயில்வே கைடையும் அனுசரித்துப் பிறந்து, சில தலைமுறைக்குள் தொன்றுதொட்டு வருவது என்ற கௌரவத்தைப் பெற்றுவிட்டது. சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணி 1960-இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததற்கு ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய போராட்டம் காரணம். சேரத்தான் வேண்டும் என்ற உணர்ச்சி சென்னைவாசிகளிடம் அவ்வளவு ஆழமாக இருந்ததில், வருடா வருடம் போய் வந்த வண்டிகளுக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

1931-ஆம் வருடம் கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலைத் தொடங்கி வைத்தார். பம்பாய்க்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் மின்சாரத்தால் ஓடிய பட்டண வண்டி இதுதான். 18 மைல் தூரம். புகையில்லை, கரித்தூள் இல்லை, வெள்ளை வேட்டியோடு ஏறியவன் வெள்ளை வேட்டியோடு இறங்கலாம். ஒன்று போனால் மற்றொன்று வருகிறது என்ற நிலைமை ஏற்பட்டவுடன், கைடைப் பார்த்து, கடைசி வண்டியைக் கண்டுபிடித்து, பின்னாலிருந்து கணக்குப் போடும் கலையே அந்தப் பாதையில் அவசியமற்றுப் போயிற்று. பரஸ்தானம் வைப்பதற்கும் யாருக்கும் தோன்றவில்லை. பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று முன்பு மூட்டை கட்டிக்கொண்டு பகல் பொழுதைக் கழிக்கப் போன இடங்களில், வாடகை குறைவு, காற்று நல்லது, கிணற்றுத் தண்ணீர் தித்திப்பு என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் குடியேறவே தொடங்கினார்கள். குடியேறியவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு ஆசை. மாலை மூன்று மணிக்குத் தலை வாரி, அம்மா கொடுத்த முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, அவர்கள் தாம்பரத்திலிருந்து எதிர்த்திசையில் வண்டியேறிச் சமுத்திரம் பார்க்கப் பட்டணத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.